மழைக்காலத்தில் மூடுவதாக இல்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அண்ணா அவர்களுக்கு,

ஏரிக்கரை முகாமிலிருந்து தங்கள் மருமகளின் தாயார் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரர், என் மகள், தங்கள் மகன், ஏரி ஆகிய அனைவரும் நலம். அங்கே தாங்களும் அண்ணியும், முக்கியமாகத் தங்கள் இடது முழங்காலும் நலமா என்று அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்வதா, ஆய்வறிக்கை என்று சொல்வதா என்று தெரியவில்லை. சம்பந்தி வீட்டுக்கு விருந்தாளியாக வந்துவிட்டுப் போனவர் "சாப்பாடு நன்றாக இருந்தது, போய்ச் சேர்ந்தோம்" என்று நாலு வரி எழுதுவதைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். நீங்கள் "காணப்பட்ட குறைகள்", "பரிந்துரைகள்" என்று தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். காலமெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவர் நீங்கள். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் முகாமில் ஏறுவதற்கும் ஒன்றுமில்லை, இறங்குவதற்கும் ஒன்றுமில்லை அண்ணா. கூடாரம் தரையில் இருக்கிறது. தரை இருந்த இடத்தில் இருக்கிறது. மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் நகரும்.

உங்கள் முதல் பரிந்துரை, சமையலறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது. "பழைய பேருந்து ஒன்றில் சமைப்பது முறையல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேருந்து இல்லையென்றால் இந்த முகாமே இல்லை. என் மாமனார் அதன் ஓட்டுநர். தையற்கடைக்காரர்கள் ஒரு வண்டி நிறைய ஏதோ மாநாட்டுக்குப் போகும்போது, இதே ஏரிக்கரையில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. உதவி வருவதாக இல்லை. மாமனார் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, தையற்காரர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. ஜன்னல் திரைகளைக் கழற்றினார்கள், மாநாட்டுக்குக் கொண்டுபோன துணிகளைப் பிரித்தார்கள், ஆளுக்கொரு ஊசியை எடுத்தார்கள், இருட்டுவதற்குள் கரை முழுக்கக் கூடாரம் போட்டுவிட்டார்கள். பூப்போட்ட கூடாரம், கோடு போட்ட கூடாரம், ஒன்றுக்குச் சட்டைப்பை கூட வைத்திருந்ததாக மாமனார் சொல்வார். மறுநாள் மாற்று வண்டி வந்தபோது ஒருவரும் ஏறவில்லை. "மாநாடு அடுத்த வருஷமும் வரும், ஏரி வருமா"ன்னு கேட்டாங்களாம். பேருந்து முதலாளி கோபத்தில், வண்டியும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று மாமனாரைத் தலைமுழுகிவிட்டார். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த மாமியார், வந்த கோபத்தில் ஒரு அடுப்பை மூட்டி, மூட்டின அடுப்பை அணைக்க மனசில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார். தையற்காரர்கள் அடுத்த வருஷம் குடும்பத்தோடு வந்தார்கள். இன்று அவர்களுடைய பேரன் பேத்திகள் வருகிறார்கள். இப்போதும் சாப்பாடு தயாரானால் நடத்துநர் மணியை இரண்டு தடவை அடிக்கிறேன், எல்லோரும் ஏறி உட்காருகிறார்கள். அந்த வண்டி எங்கும் போகாது என்பதுதான் அதன் பெருமை. அதை இடிப்பதாக இல்லை.

இரண்டாவது, படகுத்துறை பலவீனமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. இப்போது பலவீனமாகத்தான் இருக்கிறது. நீங்கள் வந்து இறங்கின அன்றைக்கு, பெட்டியைக் கூட உள்ளே வைக்காமல் நேராகத் துறைக்குப் போனீர்கள். "இது எத்தனை பேரைத் தாங்கும்"னு கேட்டீங்க. இவர், "எண்ணினதில்ல சம்பந்தி, வர்றவங்களைத் தாங்கும்"னு சொன்னார். அது ஒரு பதிலா என்று நீங்கள் பலகையின் நடுவில் நின்று எம்பிக் குதித்தீர்கள். தாங்கிற்று. ஒரு தடவை குதித்துச் சொல்லிவிட முடியாது என்று மறுபடியும் குதித்தீர்கள். அப்புறம் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "நான் சொன்னேன்ல" என்றீர்கள். நீங்கள் குதிக்கும்வரை அதுவும் நல்ல துறையாகத்தான் இருந்தது என்பதை அறிக்கையில் சேர்த்துக்கொள்ளவும்.

மூன்றாவது, "வளாகத்தில் ஆபத்தான பிராணி ஒன்று உள்ளது." அது பிராணி இல்லை, எங்கள் ஆண் வாத்து. ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம், நடையைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்திருக்கும். அது யார் வம்புக்கும் போகாது. யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், விடிந்ததும் விடியாததுமாக விசிலை ஊதி, தீப்பிடித்தால் எப்படி வெளியே வரவேண்டும் என்று விருந்தினர்களுக்கு ஒத்திகை நடத்தப் புறப்பட்டது யார்? கூடாரத்துக்குக் கதவே கிடையாதே, அதில் எப்படி வெளியே வருவது என்று எதற்கு ஒத்திகை? விசில் சத்தத்தைக் கேட்டு இன்னொரு ஆண் வாத்து தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அது துரத்தியது. அதன் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். முழங்கால் வலிக்கிறது என்று இரண்டு படி ஏறாதவர் பேருந்தின் பின் ஏணியில் ஏறிக் கூரைக்குப் போன வேகத்தைப் பார்த்து அண்ணியே, "அடேயப்பா, வீட்ல பரண்ல இருந்து ஒரு பாத்திரம் எடுத்துக் குடுக்கமாட்டாரு"ன்னாங்க. ஒத்திகை மட்டும் நல்லபடியாக நடந்தது. எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் முகாமை அடியோடு மூடிவிட வேண்டும் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். மூடிவிட்டு உங்கள் மகனை ஊருக்கு அனுப்ப வேண்டுமாம், அவர் அங்கே ஏதாவது தற்காலிக வேலை பார்ப்பாராம். எங்கள் வருஷம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இப்படிக் கோடு போடக்கூடாது அண்ணா. கோடையில் வருவது பிள்ளைகுட்டிக்காரர்கள். ஏரி சுருங்கிவிடும், துறையிலிருந்து படகுக்குச் சேற்றில் நடந்து போகவேண்டும், பிள்ளைகளுக்கு அந்தச் சேறுதான் வேண்டும். பனிக்காலத்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம்கூடத் தெரியாது. கல்யாணமாகி வெகுகாலமான தம்பதிகள் அந்தப் பருவத்தைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். மழைக்காலம் என்றால் யார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் வருஷம் தவறாமல் வருகிறார். "ஆயுசெல்லாம் மழையில நின்னே பாத்துட்டேன்க்கா, ஒரு வாரம் உக்காந்து பாக்கணும்"னு சொல்லித் தகரக் கூரைக்கடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பறவை பார்க்கும் கூட்டம் வருகிறது. மழையோடு வரும் பறவைகளை மழை முடிந்து வந்தா பார்ப்பது? இவர்களிடமெல்லாம் போய், எங்கள் சம்பந்தி கோடு போட்டுவிட்டார், வராதீர்கள் என்று சொல்லச் சொல்கிறீர்களா?

நீங்கள் ஏரியில் மிதந்ததை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அதையும் சொல்லிவிடுகிறேன், எதற்கு மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கரையோரத் தாழ்வில் கூடாரம் வேண்டும், அங்கேதான் காற்று வருகிறது என்று நின்றீர்கள். "சம்பந்தி, அது ஏரியோட இடம். இப்போ வெளியூர் போயிருக்கு, திரும்பி வந்துரும்"னு இவர் படித்துப் படித்துச் சொன்னார். ஏரி வெளியூர் போகுமா என்று சிரித்தீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த காற்று மெத்தையை ஊதிப் போட்டு, கூடாரத்து வாசலைத் திறந்துவைத்துக் கண்ணயர்ந்தீர்கள். மலைப்பக்கம் மழை கொட்டியது, ஏரி ஊர் திரும்பிவிட்டது. தண்ணீர் உள்ளே வந்து உங்களைப் பதமாகத் தூக்கி, தலைக்கு ஒரு கை காலுக்கு ஒரு கை கொடுத்த மாதிரி வெளியே கொண்டுபோய்விட்டது. எங்களுக்கு எப்படித் தெரியும்? பறவை பார்க்க வந்த பல் டாக்டரம்மாதான் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர் அது பெரிய நாரையாக இருக்கும் என்றார். டாக்டரம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு, "நாரை இல்ல. நாரை போர்வை போத்திக்காது"ன்னாங்க. அண்ணி கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருதான். குறட்டை கேக்குது பாருங்க"ன்னாங்க.

மாப்பிள்ளை படகுக்குப் பூசத் தார் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். இவர்தான் ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டுப் போனார். மழையில் போகும்போது பார்த்தோம், திரும்பும்போது பார்த்தோம், நடுவில் இரண்டு பேரும் படகிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். எதற்கென்று தெரியவில்லை, மெத்தைக்குக் காற்றுப் பிடுங்குகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சமையற்கட்டில் நடந்ததை மட்டும் உங்கள் அறிக்கையில் காணோம். துண்டைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தீர்கள். மாப்பிள்ளை ஓடிவந்தார், டப்பா வழிந்து கையெல்லாம் தார். அதைப் பார்த்ததும் உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இதுக்குத்தான் உன்னை எஞ்சினியருக்குப் படிக்க வெச்சேனா, ஓட்டைப் படகுக்குத் தார் பூசவா?"

"ஓட்டைப் படகு இல்லப்பா. உங்களை ஏத்திக்கிட்டு வந்ததே அதுதான்."

"அந்த ஆபீஸ்ல உனக்கு என்னடா குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா நாளைக்கு விடியவே கூடாதுன்னு இருக்கும். சின்ன வயசுல பரீட்சைக்கு முந்தின நாள் இருக்குமே, அது மாதிரி. இங்க வந்ததுலேருந்து எது ஞாயித்துக்கிழமைன்னே எனக்குத் தெரியல."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சரி, மனுஷருக்குப் புரிந்துவிட்டது என்று நான் உங்களுக்கு இன்னொரு காபி கொடுத்தேன். புரிந்திருந்தால் ஊருக்குப் போய் இப்படிக் கோடு போட்டு எழுதுவீர்களா? அந்தக் காபியை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பேருந்தை இடிக்க மாட்டோம். ஹெட்மாஸ்டரை மாற்ற மாட்டோம். மழைக்காலத்தில் ஒரு நாள்கூட மூட மாட்டோம், ஏரி கழுத்துவரை வந்தாலும் கழுத்துக்கு மேலே உள்ளதை வைத்து நடத்துவோம். மாப்பிள்ளை அவராகப் போக நினைத்தால் படகில் ஏற்றி நானே அக்கரையில் விடுவேன், நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று அனுப்ப மாட்டேன். உங்களுக்கு எங்கள் இடம் இவ்வளவு ஆபத்தாகப் படுகிறதென்றால், இனி இந்தத் திசையில் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அண்ணி மட்டும் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், குறைவான அபிப்பிராயங்களும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்பி, பெரியவர் என்ற மரியாதை குறையாமல் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து இவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. ஆனா அவரு எதுக்கு மூடச் சொல்றாருன்னு உனக்குத் தெரியாதா?"

"எதுக்காம்?"

"படகுல சொன்னாரே. 'வீட்ல நானும் அவளும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம் சம்பந்தி, அவன் அறையில லைட்டு கூட எரியல. வேலைய விட்டுட்டு வரச் சொன்னா வரமாட்டான். மழைக்காலத்துல மட்டும் நீங்க மூடினீங்கன்னா அது வரைக்குமாவது வீட்ல இருப்பான்ல'ன்னாரு. அழுதாரான்னு தெரியல. நல்ல மழை, மூஞ்சியெல்லாம் தண்ணி."

"இதை ஏங்க அன்னிக்கே என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

இவரோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணா, மூட மாட்டோம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் மகன் அங்கே வருவதற்குப் பதிலாக நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிட்டால் என்ன? மழைக்காலம் முழுக்க இருங்கள். மேட்டில் உள்ள அறையை ஒழிக்கச் சொல்லிவிட்டேன், அங்கே ஏரி வராது. யாருக்கு என்று மாப்பிள்ளை கேட்டார், சொன்னேன். நேராகப் போய்க் கட்டிலுக்குக் கால் செதுக்க ஆரம்பித்துவிட்டார். முழங்காலுக்குத் தோதாக உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று உடனே தெரிவிக்கவும்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுது என்று இவர் சொன்னார். உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறேன், அதுவும் நன்றாக வந்திருக்கிறது. கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. படித்துவிட்டு நீங்களே கிழித்துவிடுங்கள்.