மாடி ரூமும் என் மௌன விரதமும்

இனிமேல் நம்பிக்கையோடு வாழ்வது என்று முடிவு செய்தேன். பலிக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல்தான் முடிவு செய்தேன்.

என் பெயர் பரசுராமன். திருவண்ணாமலை தேரடி வீதியில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். எதைப் பற்றியும் நான் நல்லதாக நினைத்தது கிடையாது. நான் நினைத்த கெட்டது நடக்காமல் போனதும் கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே, "இன்னைக்கு மெஷின்ல பேப்பர் சிக்கும்" என்பேன். சிக்கும். "மத்தியானம் கரண்ட் போகும்" என்பேன். போகும். இதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட உண்டு.

என் மனைவி அருணாதேவிக்கு அந்தப் பெருமை கிடையாது.

"ஏங்க, உலகத்துல இருக்கற சனமெல்லாம் நிம்மதி தேடி நம்ம ஊருக்கு வருது. நீங்க இங்கயே பொறந்து வளந்துட்டு மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்களே?"

"அவங்கெல்லாம் வந்துட்டுத் திரும்பிப் போயிடறாங்க. நான் இங்கயே இல்ல இருக்கேன்!"

செங்கம் ரோட்டை ஒட்டி, ரமணாசிரமத்துக்கு ஒரு தெரு தள்ளி எங்கள் வீடு. கீழே முழுக்க அருணாவின் ராஜ்யம். மாடியில் ஒரே ஒரு ரூம். அது என்னுடையது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஃபேன், ஜன்னலைத் திறந்தால் மலை. அங்கேதான் நான் நிம்மதியாகக் கவலைப்படுவேன். கவலைப்படவும் ஓர் அமைதி வேண்டும் சார். கீழே உட்கார்ந்து கவலைப்பட்டால், பாதியில் "கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்பாள். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எதைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்பதே மறந்துபோய்விடும்.

அந்த ரூமுக்குத்தான் ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் கண்ணாயிரம். என் மனைவியின் அண்ணன். போளூரில் ரைஸ் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒண்டிக்கட்டை. மிச்சக் காலத்தை அண்ணாமலையார் காலடியில் கழிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அண்ணாமலையார் காலடி என்றால் என் மாடி ரூம். விடியற்காலையில் அவர் தொண்டையைக் கனைத்தால் தெருநாய்கள் எழுந்து இடம் மாறிப் படுக்கும். படுத்தால் குறட்டை. எழுந்தால் பாட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மனிதர் எப்போதும் சந்தோஷமாக இருப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆனால் மானஸ்தர். "மாப்ள வாயால வேணாம்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, நான் படியேற மாட்டேம்மா" என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். அதனால் அவர் போன் செய்யும்போதெல்லாம் நான் பக்கத்தில் போய் நின்று, "வேணாம்!" என்று ஒரு சத்தம் போடுவேன். அந்த ஒரு வார்த்தைதான் என் கோட்டை, கொத்தளம் எல்லாம்.

இந்த நிலைமையில்தான் அருணா, நம்பிக்கையோடு வாழக் கற்றுத்தரும் ஒரு வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஆசிரமம் பக்கம் ஒரு காபிக்கடை மாடியில் நடந்தது. நடத்தியவர் அன்பரசன். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து தாடி வைத்துக்கொண்டவர்.

"எல்லாம் நல்லாவே நடக்கும்னு சும்மா சொல்லிக்காதீங்க. அது பொய்" என்று ஆரம்பித்தார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கெட்டதும் நடக்கும். நடந்தே தீரும்."

எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அருணா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஆனா, நடக்கறதுல நம்ம கையில என்ன இருக்குன்னு பாருங்க. அந்தச் சின்ன வேலைய மட்டும் செய்ங்க. அப்புறம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால அன்னைக்கு நடந்த மூணு நல்ல விஷயத்த வாய்விட்டுச் சொல்லுங்க. பொய் கூடாது. நெஜமா நடந்ததா இருக்கணும்."

பக்கத்தில் அருணா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தூக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு நல்ல விஷயம் சொல்லுங்க. அப்புறம்தான் தட்டு."

"பசிக்குது."

"இது நல்ல விஷயமா?"

"பசிக்கலைன்னா டாக்டர்கிட்ட இல்ல போவணும்? அந்த வகையில நல்லதுதான்."

"சரி, ஒண்ணு."

"கரண்ட் போகல."

"ரெண்டு."

"கரண்ட் இன்னும் போகல."

"அதான் சொல்லிட்டீங்களே!"

"அது அப்போ. இது இப்போ."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி வீட்டில் இருந்ததை மூன்றாவதாக ஏற்றுக்கொண்டு, இருட்டில் எனக்கு உப்புமா போட்டாள். உப்புமா என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் நல்ல விஷயத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

இப்படியே ஒரு வாரம் போனது. ஒருநாள் மூன்றாவது நல்ல விஷயத்துக்காக நான் கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே எடுத்துக்கொடுத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டா? வர்ற பௌர்ணமிக்கு எங்கண்ணன் கிரிவலம் வர்றாரு."

கிரிவலம் வருகிறவர் மஞ்சள் பையோடு வருவார். மலையைச் சுற்றி முடித்த பிறகு பை மாடி ரூமுக்குப் போகும். அவர் ஊருக்குப் போக மாட்டார். போனில் "வேணாம்" சொல்லுவது சுலபம். நேருக்கு நேர், அவர் வாங்கி வந்த ஜாங்கிரியைத் தின்றுகொண்டே எப்படிச் சொல்லுவது? எனக்கோ ஜாங்கிரியைக் கண்டால் வேறு வார்த்தை வராது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு இருசப்பன் காம்பவுண்டை எட்டிப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் விடுகிறவன் அவன். மரத்தடியில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஓர் அட்டை.

"இன்னா இருசப்பா, இன்னா ஆச்சு இவருக்கு?"

"மௌனத்துல கீறாரு சார். பாத்ரூம் பைப்ப மூடாம வுட்டுட்டாரேன்னு திட்டப் போனேன். அட்டையக் காட்டினாரு. கும்புட்டுட்டு, நானே பைப்ப மூடிட்டு வந்துட்டேன்."

என் தலைக்குள் பல்பு எரிந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஃப்யூஸ் போகாமல் எரிந்தது. மௌனத்தில் இருக்கிறவனிடம் யார் என்ன கேட்க முடியும்? கேட்காத கேள்விக்குப் பதில் எதற்கு? சாமியார் மாதிரி ஒருத்தன் தவம் செய்யும் ரூமில் யார் பாயை விரிப்பார்? நடக்கிறதில் நம் கையில் என்ன இருக்கு என்று பார்க்கச் சொன்னார் மாஸ்டர். பார்த்தேன். என் கையில் லேமினேஷன் மெஷின் இருந்தது!

கடைக்குப் போன கையோடு அட்டை தயார். 'மௌன விரதம். பேச வேண்டாம். பேச வைக்கவும் வேண்டாம்.' கல்யாணச் சான்றிதழ், நிலப் பத்திரத்துக்கு மட்டும் போடும் கெட்டி உறையைப் போட்டேன். சாயங்காலம் அருணாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"ரொம்ப நல்லதுங்க" என்றாள். கண்கூடக் கலங்கியது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"பௌர்ணமி அன்னைக்கு விடிஞ்சதுலருந்து மறுநாள் விடியற வரைக்கும். மாடி ரூம்லயே."

"நடுவுல பேசிட மாட்டீங்களே?"

"யாரு, நானா?"

"இல்ல, அண்ணாமலையார் பேரச் சொல்லி ஆரம்பிக்கறது. வெளையாட்டு இல்ல பாருங்க."

அவள் கற்பூரத்தை ஏற்றினாள். எனக்கு வீராப்பு ஏறியது. "ஒரே ஒரு வார்த்தை பேசினாலும் கிரிவலப் பாதை முழுக்க அங்கப்பிரதட்சணம் பண்றேன்!" என்று கற்பூரத்தை அடித்து அணைத்தேன். கோயில் பிராகாரத்தை உருண்டு சுற்றினாலே மனிதன் இரண்டு நாள் படுத்துவிடுவான். இது மலை! யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். வாய் என்று ஒன்று இருந்தால் இப்படித்தான்.

"எழுதியும் காட்டக் கூடாதாமே?" என்றாள் அருணா, சாம்பலைத் துடைத்துக்கொண்டே.

"எழுத மாட்டேன்."

"அப்ப மாடியில இருக்கற பேனா, போன் எல்லாம் கீழ எடுத்துட்டு வந்துடட்டா?"

"எடுத்துக்கோயேன்!"

பௌர்ணமி விடிந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். செங்கம் ரோட்டில் ஜனம் நெருக்கிக்கொண்டு நடந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" ஜன்னலில் மலை. தலைக்கு மேல் ஃபேன். கவலைகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வந்தன. அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாகக் காபி வாசனை வந்தது.

"காபிங்க. வெளியவே வெச்சுட்டுப் போகட்டா? ஆறிடும், அதான் பாக்கறேன்."

ஆறின காபியைக் குடிப்பவன் எதையும் பொறுத்துக்கொள்வான். நான் அப்படிப்பட்டவன் இல்லை. தாழைத் திறந்தேன்.

அருணா கையில் காபி. அவளுக்குப் பின்னால் கண்ணாயிரம், கையில் புதுப் பால் சட்டி. அவருக்குப் பின்னால் இருசப்பன், ஒரு தோளில் மெத்தை, ஒரு கையில் கரண்ட் அடுப்பு. பால் காய்ச்சிக் குடிபுகுவதற்கு வேறு என்ன வேண்டும்?

"மாப்ள!" என்றார் கண்ணாயிரம். "நீங்க மாறிட்டீங்கன்னு தங்கச்சி சொல்லுது. எனக்கு நம்பிக்கை இல்ல. ஒரே ஒரு வார்த்தை, வேணாம்னு சொல்லுங்க. சட்டியோட இப்படியே போளூர் பஸ் ஏறிடறேன்."

"அண்ணா, அவரு மௌனத்துல இருக்காரு" என்றாள் அருணா. "வேணாம்னா மட்டும் வாயத் தெறந்து சொல்லிடுவாரு. இல்லைங்களா?"

அந்த வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது. தொண்டையிலிருந்து நாக்குக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். மலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்திர லிங்கத்தில் உருள ஆரம்பித்தால், எமலிங்கம் வருவதற்குள் எனக்கு அந்த எமனே வந்துவிடுவான். அடி அண்ணாமலைப் பக்கம் மிச்சம் மீதி எலும்பைத்தான் உருட்டிக்கொண்டு போக வேண்டும். வார்த்தையை விழுங்கினேன். கசந்தது.

இரண்டு கையையும் வேகவேகமாக ஆட்டினேன்.

"பாத்தீங்களாண்ணா, ரெண்டு கையாலயும் உள்ள கூப்புடறாரு!"

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன்.

"சந்தோஷம் தாங்கல அவருக்கு."

கட்டில் மேல் பேனா ஏதாவது தப்பிக் கிடக்குமா என்று துழாவினேன்.

"உங்களுக்கு வெச்சுவுட விபூதி தேடறாரு. இருங்க, நான் எடுத்தாறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தியமாக அழுகை சார். மாடி ரூம் என் கண்ணெதிரே போகிறது. ஒரு வார்த்தையில் காப்பாற்றலாம். அந்த ஒரு வார்த்தைக்கு நானே பூட்டுப் போட்டு, அதை லேமினேஷனும் பண்ணி வைத்திருக்கிறேன்.

"அழறாரு பாரும்மா!" என்றார் கண்ணாயிரம். "இந்த மனசப் போயி நான் தப்பா நெனச்சேனே! மாப்ள, சாவற வரைக்கும் உங்கள வுட்டுப் போவ மாட்டேன்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அட்டையின் முனை இரண்டு பேரையும் குத்தியது.

என் நாற்காலியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அடுப்பை வைத்தார்கள். பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக வழிந்ததாம். ரொம்ப விசேஷமாம். முதல் டம்ளரை என் கையில் கொடுத்தார்கள்.

"சார் மாதிரி மனசு யாருக்கு வரும்?" என்றான் இருசப்பன். அவனையும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாலில் சர்க்கரை கம்மி. அதையும் சொல்ல முடியவில்லை.

மிச்சப் பொழுதை மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் கழித்தேன். என் ரூமிலிருந்து கண்ணாயிரத்தின் குறட்டை வந்தது. ஓய்வெடுத்துக்கொண்டு சாயங்காலம் மலை சுற்றக் கிளம்புவாராம். ரோட்டில் போன பக்தர்கள் அண்ணாந்து பார்த்து, என் அட்டையைக் கண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி ஆசீர்வாதம் கேட்டது. நானே அனாதையாக உட்கார்ந்திருக்கிறேன், இதில் நான் யாரை ஆசீர்வாதம் பண்ண?

மறுநாள் விடிந்ததும் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் என்னோடு இறங்கின.

"அருணா! உங்கண்ணன இப்பவே..."

"பால் காய்ச்சிக் குடிவந்தவர மறுநாளே அனுப்பினா குடும்பத்துக்கு ஆவுமா? உங்களுக்குத் தெரியாததா?" என்று இட்லித் தட்டை என் முன்னால் வைத்தாள். நான் கையை நீட்டியதும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மொதல்ல மூணு நல்ல விஷயம்."

"நல்ல விஷயமா? அடிப்பாவி! என் ரூம் போச்சு. என் தூக்கம் போச்சு. உக்காந்து கவலப்படக்கூட எனக்கு எடமில்ல. எப்படிடி உனக்கு இப்படி ஒரு யோசனை வந்துச்சு?"

அவள் நிதானமாகச் சட்னியை ஊற்றினாள். மாடியில் கண்ணாயிரம் தொண்டையைக் கனைத்தார். தெருவில் நாய்கள் எழுந்து ஓடின.

"என்னுது ஒண்ணுமில்லீங்க, எல்லாம் மாஸ்டர் சொன்னதுதான். நீங்க வேணாம்னுதான் சொல்லுவீங்க, அத மாத்த முடியாது. சரி, நடக்கறதுல நம்ம கையில என்ன இருக்குன்னு பாத்தேன். நீங்கதான் இருந்தீங்க."