ஒரு சொல்லை மட்டும் அழிக்க

"ஐயோ, போச்சு!"

வக்கீல் அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விவாகரத்து மனுவில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள் பதினோரு வருட வாழ்க்கையை, வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே நாற்பது நிமிடமாக அடித்திருந்தாள் அவள். கடைசி வரியில் ஒரு சொல்லைத் திருத்தப் போனாள். பக்கமே மூடிக்கொண்டது.

"என்னத்தைம்மா அழுத்தினீங்க?" என்றார் குமாஸ்தா.

"கன்ட்ரோல் டபிள்யூ. கை தானா போயிடுச்சு."

அவள் சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர். வேலையிடத்துக் கறுப்புத் திரையில் அந்த இரண்டு பொத்தான்களும் கடைசியாக அடித்த சொல்லை மட்டும் அழிக்கும். இங்கே பக்கத்தையே விழுங்கிவிடும். அவளுக்குத் தெரியாததல்ல, விரலுக்குத்தான் தெரியவில்லை.

சம்மதக் கையெழுத்துப் போட வந்திருந்த கணவன் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

மறுபடி ஆரம்பித்தாள். கரு கலைந்ததை எழுதும்போது கண் மங்கியது. ஒரு சொல் பிசகியது. விரல் போனது. பக்கமும் போனது.

குமாஸ்தா டபிள்யூ பொத்தான்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். "இப்ப அடிங்க, பாத்துக்கலாம்."

மூன்றாம் தடவை விரல் பிளாஸ்திரியில் வழுக்கிப் பக்கத்திலிருந்த க்யூவில் விழுந்தது. மொத்த பிரவுசரும் மூடிக்கொண்டது. அதில் திறந்து கிடந்த வேறு இரண்டு குடும்பங்களின் மனுக்களும் கூடவே போய்ச் சேர்ந்தன.

"அம்மா தாயே, கையை எடுங்க!" குமாஸ்தா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

வாயைத் திறந்தாள்.

"எனக்கு... எது முதல்லன்னே..."

"'அன்று மருத்துவமனையில் நான் தன்னந்தனியாக இருந்தேன்,'" என்றான் கணவன், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குமாஸ்தா அடித்தார். "நான் தனியாக..."

"'தன்னந்தனியாக.' முதல் தடவை அப்படித்தான் எழுதினா. 'இவரை ஏழு முறை போனில் அழைத்தேன். எட்டாவது முறை நர்ஸ் அழைத்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.'"

அவன் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போனான். ஒரு குற்றத்தையும் குறைக்கவில்லை. இரண்டு இடங்களில் குரல் உடைந்தது, செருமிக்கொண்டு தொடர்ந்தான். அவள் கட்டைவிரலால் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு முன்னால் அவன் நிறுத்திவிட்டான்.

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, கடைசியா 'நான் சொல்வது எதுவும் இவர் காதில் விழுந்ததே இல்லை'ன்னு ஒரு வரி இருந்துச்சே... அதையும் அடிச்சுடவா?"