கடைமடைக்கு வந்த நீர்நாய்

அழிந்துபோன உயிரினங்களை மீட்டெடுக்க மேல்நாட்டு விஞ்ஞானிகள் கண்ணாடிக் குடுவைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு விலாசம் தெரியவில்லை. திருவாரூரில் டவுன் பஸ் ஏறி, கடைசி நிறுத்தமான கடம்பக்கோட்டகத்தில் இறங்கியிருந்தால், குடுவையும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் ஒரு பாசனப் பொறியாளர் அந்த அரும்பணியை ஒரே முற்பகலில் செய்து முடித்ததைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள். நான் கண்டேன். ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர் என்ற முறையில் அந்தச் சாதனையில் எனக்கும் சிறு பங்கு உண்டு.

பொறியாளரின் பெயர் தியாகேசன். எங்கள் ஊர்க் கடம்பன் வாய்க்கால் அவருடைய ஆளுகைக்கு உட்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்று, "கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது" என்று அவர் அறிவிப்பார். அறிவித்துவிட்டு உட்காரும்போது அவர் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பார்த்தால் நமக்கே தாகம் தணிந்துவிடும். அவர் பொய் சொன்னார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தண்ணீர்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மார்கழி மாதம் ஒரு காலையில் அக்னஸ் என்ற பெண் விவசாயி என் வீட்டுக்கு வந்தார். வாய்க்காலின் கோடியில் அவருக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். கணவர் போன பிறகு அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்.

"அண்ணே, சம்பா பயிரு பால் புடிக்கிற நேரம். ஒரே ஒரு தண்ணி கெடச்சாப் போதும், கரை சேந்துடும். இல்லன்னா மொத்தமும் கருக்கா, வெறும் பதருதான். பேப்பர்ல போடுங்கண்ணே."

பத்திரிகை தர்மத்தை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். "தண்ணி வரலேங்கிறது செய்தி இல்லம்மா. வந்தாச் சொல்லு, படத்தோட போடறேன்."

அக்னஸ் எழுந்து போனார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரும்போது வாய்க்கால்ல ஒண்ணு குறுக்க ஓடுச்சு. அத வேணா போடுங்க" என்றார்.

"என்ன ஓடுச்சு?"

"பழுப்பா, நீளமா, கட்டக் காலு. காட்டாமணக்குப் பொதருக்குள்ள பூந்துடுச்சு. கீரிப்புள்ளையாத்தான் இருக்கும்."

கீரிப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு நிருபர் என்ன செய்வது? மறுநாள் செய்தி வந்தது: 'கடம்பன் வாய்க்காலில் நீர்நாய்! இப்பகுதியில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அபூர்வ உயிரினம்! நேரில் கண்ட விவசாயி பரவசம்!' அக்னஸ் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. பிராணியை மட்டும் மாற்றினேன்.

செய்தி சென்னையை எட்டியது. நீர்நாய்களுக்கென்றே வாழ்நாளை அர்ப்பணித்துவிட்ட ஆராய்ச்சியாளர் ஞானாம்பாள், தொலைநோக்கியும் ரப்பர் பூட்ஸுமாகப் புறப்பட்டு வந்துவிட்டார். வரவேற்கத் தியாகேசன் இளநீரோடு நின்றார். எல்லோரும் வாய்க்காலுக்குள் இறங்கினோம். யாருக்கும் கால் நனையவில்லை. இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில், அப்துல் வஹாப் என்பவர் போட்டிருந்த வைக்கோல் போர் கம்பீரமாக நின்றது.

"சார், நீர்நாய் மீனைச் சாப்பிடும். மீனுக்குத் தண்ணி வேணும். தண்ணி எங்க?" என்று கேட்டார் ஞானாம்பாள்.

"இருக்குங்க மேடம்."

"எங்க?"

"இப்பதான் போச்சு."

"இந்த வைக்கோல் போரு?"

தியாகேசன் போரை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்திருக்கும் மேடம்."

ஞானாம்பாள் பேனாவைத் திறந்தார். "சரி. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை, ஆகையால் நீர்நாய் இருக்க வாய்ப்பில்லைன்னு எழுதிடறேன்."

தியாகேசனுக்கு வேர்த்துவிட்டது. "நீர்நாய் இல்லன்னு தாராளமா எழுதிக்குங்க மேடம். தண்ணி இல்லன்னு மட்டும் எழுதாதீங்க. கூட்டத்துல சொல்லிட்டேன்."

"தண்ணி இருந்து நீர்நாய் இல்லைன்னா அதுக்கு வேற காரணம் எழுதணுமே?"

தியாகேசன் வானத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். உயிரியல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய கணம் அது. "காரணம் எதுக்கு மேடம்? நீர்நாய் இருக்கு. நானே பாத்தேன்."

"எப்ப?"

"தண்ணி வந்தப்ப."

"எத்தனை?"

"குடும்பமா இருந்துச்சு மேடம்."

அழிந்துபோன இனம் அந்த நிமிடமே உயிர்பெற்று, திருமணமும் முடித்து, பிள்ளைகுட்டிகளோடு எங்கள் வாய்க்காலில் குடியேறியது. குடும்பம் என்றதும் ஞானாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் தங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரே அடுத்த வாரம் நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இயக்குநர் வருகிறார் என்றால் வாய்க்காலில் தண்ணீர் இருந்தாக வேண்டும். பொக்லைன் வந்தது. வருஷா வருஷம் தூர்வாரப்பட்டு வந்த கடம்பன் வாய்க்கால் முதல் முறையாகத் தூர்வாரப்பட்டது. தன் வைக்கோல் போரை எடுக்கச் சொன்னபோது அப்துல் வஹாப், "வெள்ளம்தானே சார் கொண்டாந்துச்சு, அதயே வந்து எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுங்க" என்று கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தார். பிறகு மதகில் ஷட்டரைத் தூக்கினார்கள். நுரையும் செத்தையுமாகத் தண்ணீர் வந்தது. ஊரே கரையில் நின்று பார்த்தது. அக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கினார்.

ஆனால் அவர் வயல் மடையருகே ஒரு பலகை நட்டிருந்தார்கள்: 'நீர்நாய் வாழிடம். இத்தண்ணீரை வயலுக்குத் திருப்புவது குற்றம்.' பலகைக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு ஆள் இருந்தார். காவலாளிக்குப் பக்கத்தில் தியாகேசன் நின்றார்.

"சார், தண்ணி எங்க வரப்ப ஒட்டித்தான் போவுது. ஒரு மடை தொறந்துக்கறேன்" என்றார் அக்னஸ்.

"இது நீர்நாய்க்கு விட்ட தண்ணிம்மா. உங்களுக்கு விட்டது தனி."

"அது எங்க சார்?"

"அதுதான் ஏற்கெனவே வந்துடுச்சே. கூட்டத்துல சொன்னனே, நீ கேக்கலியா?"

அக்னஸ் தன் வயலைப் பார்த்தார். விரல் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடந்தது. கதிர்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. ஒரு முழத் தூரத்தில் தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரனுக்கு உணர்ச்சி ஆகாது என்பார்கள். ஆனாலும் நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

அக்னஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "அப்ப உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார். அந்த நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது எங்க வயல்லதான்."

"வயல்லயா? நீ பாத்தியா?"

"நீங்க எப்படிப் பாத்தீங்களோ அப்படியேதான் சார் நானும் பாத்தேன்."

தியாகேசன் பலகையைப் பார்த்தார். அக்னஸ் பார்த்தது பொய் என்றால் அவர் பார்த்ததும் பொய். காவலாளியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "குட்டிங்க பாவம்" என்றார். மடை திறந்தது. வெடித்த நிலம் தண்ணீரை உறிஞ்சிய சத்தத்தைக் கரையில் நின்றே கேட்டோம். அக்னஸ் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அப்துல் வஹாப் பொறியாளரைத் தேடி வந்தார். "எங்க வயல்ல ரெண்டு சார். ஒண்ணு செனையா இருக்கு."

அன்று மாலைக்குள் கடம்பக்கோட்டகத்தில் நீர்நாய் இல்லாத வயலே இல்லை. எல்லாவற்றையும் தியாகேசன் உறுதிசெய்தார். எல்லாவற்றையும் நான் அச்சேற்றினேன். ஊரிலிருந்த ஆடுகளைவிட நீர்நாய்களின் தொகை கூடிவிட்டது. குறிப்பிட்ட நாளில் இயக்குநரும் வந்து, ஒரு கொக்கைப் பார்த்து, "நீர்நாய் எங்கே?" என்றார்.

"வெயிலுக்கு உள்ள போயிருக்குங்க சார்" என்றார் தியாகேசன். இயக்குநர் திருப்தியோடு வலங்கைமான் பக்கம் சாப்பிடப் போனார்.

பயிர் பிழைத்தது. பொங்கல் கழிந்து கதிர் முற்றித் தலைசாய்ந்தபோது, அக்னஸ் வயலைப் போல ஒரு விளைச்சலை அந்தக் கோடியில் யாரும் பார்த்ததில்லை. கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் என்பது கொஞ்சம் விவரம் கெட்ட பொருள். நின்ற இடத்தில் மீனைக் கொண்டுவந்துவிடுகிறது. மீன் வந்த இடத்துக்கு, அறுப்புக்கு முந்தைய வாரம், நிஜமாகவே ஒரு நீர்நாய் வந்துவிட்டது.

அக்னஸ் சொல்லியனுப்ப, ஞானாம்பாள் கேமராவோடு ஓடி வந்தார். தியாகேசனும் நானும் பின்னாலேயே போனோம். ஞானாம்பாள் சேற்றில் மண்டியிட்டு முதல் படத்தை எடுத்தார். "இனிமே இதுக்குப் பாதுகாப்பு வாங்காம விடமாட்டேன். இந்த வாய்க்கால்ல வருஷா வருஷம் தண்ணி ஓடணும். சார், பொறியாளர்ங்கிற முறையில நீங்களும் பாத்ததா ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்றார்.

இப்போதுதான் தியாகேசனின் உண்மையான மேதைமை வெளிப்பட்டது. இல்லாததை இருக்கிறது என்று எவரும் சொல்லிவிடலாம். இருப்பதை இல்லை என்று சொல்வதற்கு அனுபவம் வேண்டும். அவர் வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"கடம்பன் வாய்க்கால்ல நீர்நாய் கிடையாதுங்க மேடம். அது அழிஞ்சுபோன இனம். நாங்க பாத்ததெல்லாம் கீரி."

"சார், உங்க பின்னாடிதான் நிக்கிது. வாயில விரால் மீனோட" என்றார் அக்னஸ்.

"இருக்காதும்மா."

"திரும்பிப் பாருங்க சார்" என்று கெஞ்சினார் ஞானாம்பாள்.

"மாட்டேன் மேடம். பாத்துட்டா வருஷா வருஷம் நெசமாவே தண்ணி விடணும்."

பின்னால் முள்ளைக் கடிக்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் லேசாகப் புடைத்தது. இப்படியொரு கடமையுணர்ச்சியை என் பத்திரிகை வாழ்வில் நான் கண்டதில்லை.

அக்னஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பதான் சார் புரியுது, இத்தன வருஷமா எங்க பக்கம் நீங்க ஏன் திரும்பியே பாக்கலன்னு."