பழுப்பு ஷூவுக்காக ஒரு ஜெப விண்ணப்பம்

ஒரு பொருள் வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிப் பாருங்கள். அன்றிலிருந்துதான் அது நிஜமாகவே வேண்டும் போலிருக்கும். இதை நான் ஆம்பூரில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் கற்றுக்கொண்டேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. இடது காலும் வலது காலும் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, தாளில் சுற்றி, டப்பாவில் வைப்பேன். டப்பா கப்பல் ஏறும். நான் ரப்பர் செருப்பில் வீடு போவேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அந்தப் பழுப்பு ஷூ வரும்வரை. (அவ்வளவு மெத்தென்ற தோல். கன்னத்தை வைத்துத் தூங்கலாம்.)

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எங்கள் சபையில் ஆளுக்கொன்றை விட்டுவிடுவார்கள். ஒருவர் கறியை, ஒருவர் சீரியலை. கூட்டத்தில் என் முறை வந்தது. நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நான். பதற்றத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"எனக்கு ஒரு ஷூ மேல ஆச. அது போவணும். ஜெபம் பண்ணுங்க."

யாராவது சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். சிரிக்கவில்லை. கண்ணை மூடி, உருகி உருகி ஜெபித்தார்கள். அப்புறம் கடைத்தெருவில் பார்த்தாலும் விசாரிப்பு. "இன்னாண்ணே, ஷூ எப்டி இருக்குது?" காய்ச்சலைக் கேட்பதுபோல.

"கம்மியாயிருக்குப்பா" என்பேன். ஜாஸ்தியாகிக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எங்கள் கல்யாண நாள். கல்யாண நாள் வருகிறவர்களைப் போதகர் முன்னால் அழைத்து, சேர்த்து நிறுத்தி ஜெபிப்பார். வருடாவருடம் என் மனைவி எஸ்தர் கூப்பிடுவாள்; நான் வெட்கத்தில் வயிற்றுவலி வரவழைத்துக்கொள்வேன். அந்த முறை அவள் கெஞ்சவில்லை. "இப்பவும் வரலன்னா நான் இனிமே கேக்கமாட்டேங்க" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது. வருகிறேன் என்றேன்.

வருகிறேன் என்றதும் மூளை ஒரு கணக்குப் போட்டது. ஷூவை வாங்கிவிட்டால் ஆசை தீர்ந்துவிடும். ஆசை தீர்ந்தால் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததாகத்தானே அர்த்தம்? (சாத்தான் கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.)

சனிக்கிழமை, ஏற்றுமதியில் கழித்த ஷூக்களை விற்கும் பாய் கடைக்குப் போனேன். அதே பழுப்பு. வலது காலைப் போட்டேன். பரலோகம். அந்த நேரம் பார்த்து ஜெபக் கூட்டத்து அக்கா ஒருவர் வாசலைத் தாண்டினார். குனிந்துகொண்டேன்.

"போதும் பாய், கட்டிக் குடுங்க."

"அடுத்த காலும் போட்டுப் பாத்துடு தோஸ்த். சாம்பிள் சரக்கு."

"எனக்கு இதான் தொழிலே பாய்."

மறுநாள் சபைக் கோயிலின் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்து ஷூவை மாட்டினேன். இடது கால் ஒரு பக்கமாக இழுத்தது. புதுத் தோல், போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எஸ்தர் ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

எங்களை அழைத்தார்கள். பீடத்தின் படியில் எல்லாரும் காலணியைக் கழற்றுவது வழக்கம். நானும் கழற்றி, பழக்க தோஷத்தில் இரண்டையும் ஒட்டி வைத்தேன். போதகர் மைக்கை என்னிடம் நீட்டினார்.

"தாஸ் சகோதரர் லெந்துல ஒரு விடுதலைக்காக ஜெபம் கேட்டாரு. இப்ப சாட்சி சொல்லுவாரு."

எங்கள் சபையில் பாதிப் பேர் தோலை வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், சோல் ஒட்டுகிறவர்கள். ஆள் முகத்துக்கு முன்னால் காலைப் பார்ப்பவர்கள். முதல் வரிசையில் என் சூப்பர்வைசர் செல்வராஜ் அண்ணன் படியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"டேய் தாஸு, ரெண்டும் ரைட்டுடா."

ஆர்டர் பிடிக்க அனுப்பும் மாதிரிக்கு ஒற்றைக் கால் மட்டும் செய்வார்கள். அப்படி மிஞ்சிய இரண்டு வலது கால்கள் ஒரே டப்பாவில் சேர்ந்திருக்கின்றன. ஜோடி பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நான் அதைப் பார்க்கவில்லை.

சிரிப்பு பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. ஓடிவிடலாம் என்று திரும்பினேன். எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இன்னொரு கையால் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஓடிடாதீங்க" என்றாள், சிரிப்புக்கு நடுவே.

மைக்கில் சொன்னேன். "இன்னும் போவல. கொஞ்சம் சேத்து ஜெபம் பண்ணுங்க."

போதகருக்கும் சிரிப்பை அடக்க நேரம் பிடித்தது. அப்புறம் எங்கள் தலைமேல் கை வைத்தார். அத்தனை பேர் பார்க்க, வெறுங்காலோடு, அவள் பக்கத்தில் கடைசிவரை நின்றேன். அந்த ஷூ தந்த சந்தோஷம் பாய் கடையிலிருந்து வீடு வரைக்கும் கூட முழுதாக வரவில்லை. இது மட்டும் எதனாலோ இன்னும் தீரவில்லை.

அதற்கப்புறம் ஒரு கல்யாண நாளையும் நான் தவறவிட்டதில்லை. ஆனால் கோயில் வாசலில் எஸ்தர் நிறுத்தி, "காலக் காட்டுங்க" என்பாள். பிள்ளைகளும் குனிந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் உள்ளே விடுவார்கள். புதிதாக வந்திருக்கும் போதகர் இதைக் கவனித்திருக்கிறார். எனக்கு ஏதோ தீராத கால் வியாதி என்று நினைத்துக்கொண்டு, சுகம் கிடைக்க மிகவும் உருக்கமாக ஜெபிக்கிறார். யாரும் அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. நானும் ஆமென் சொல்லிவிடுகிறேன்.