காலடி மண்ணில் நான் போட்ட முதலீடு

பயந்தவர்கள் காசை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. எங்கள் ஊரிலேயே மிகப் பயந்தவன் நான்தான். நாய் குரைத்தால் வேறு ஒழுங்கையால் போவேன். பாடசாலை அதிபர் கூப்பிடுகிறார் என்றால், என்ன பிழை விட்டேன் என்று யோசித்தபடியே கந்தோர்ப் படி ஏறுவேன். அப்படிப்பட்ட நான், வீட்டுக் கூரைக்கென்று வந்த காசை இன்னும் தோண்டவே தொடங்காத ஒரு சுரங்கத்தில் போட்டேன். அதுவும் மனைவிக்குச் சொல்லாமல்.

அந்த நாட்களில் மன்னார்த் தீவில், தலைமன்னார் வீதியோரம் உள்ள எங்கள் ஊர்ப் பாடசாலையில் நான் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (இப்போதும் அதே வேலைதான். வேறு வேலைக்குப் போகும் துணிவு எனக்கு எங்கிருந்து வரும்?) எங்கள் வீட்டுக் கூரைச் சீற்றுகள் வெடித்துப்போயிருந்தன. மழை வந்தால் விறாந்தையில் ஒரு வாளி, அறைக்குள் இரண்டு சட்டி வைப்போம். ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா, கூரை மாற்றக் காசு தருவதாகச் சொன்னாள். சொன்னபடி ஒதுக்கியும் வைத்தாள். அதை அனுப்பும் பொறுப்பு அத்தானிடம் இருந்தது. பிழை அங்கேதான் தொடங்கியது.

அத்தான் லொறி ஓட்டுகிறார். ஓட்டும்போதெல்லாம் பங்குச் சந்தைப் பேச்சுகளைக் கேட்பார். ஒரு நாள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு சின்னக் கம்பனி இருக்கிறது என்றார். அது கனிம மணல் தேடுகிற கம்பனி. அதற்குச் சுரங்கம் இல்லை, தொழிற்சாலை இல்லை. கையில் இருப்பது ஆய்வு செய்ய ஒரு அனுமதிப் பத்திரம், ஒரு வரைபடம், கொஞ்சம் துளை போடும் கருவி. ஆரம்ப கட்டத்தில் இருப்பதால்தான் பங்கு இவ்வளவு மலிவு, பிறகு எட்டாது என்றார். எங்கே தேடுகிறார்கள் என்று கேட்டேன்.

"உன்ர காலடியிலயடா," என்றார் அத்தான். "மன்னாரில. உனக்குத் தெரிஞ்ச மண். கூரையை இப்ப போட்டா கூரைதான் மிஞ்சும். ரெண்டு வருசம் பொறுத்தியெண்டா மேல்மாடியே கட்டலாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மறுத்தால் அத்தான் கோபிப்பாரோ என்று பயமாக இருந்தது. ஆகவே சம்மதித்தேன். என் வாழ்க்கையின் ஒரே துணிகரச் செயல், உண்மையில் ஒரு கோழைத்தனம். பங்குகள் அத்தானின் பேரில் வாங்கப்பட்டன. நான் விலையைப் பார்ப்பதற்கு என் தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தார். ஜெசியிடம் (என் மனைவி, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் எழுதுவினைஞர்), கனடா வங்கியில் ஏதோ தாமதமாம் என்று சொன்னேன்.

அடுத்த வாரமே நான் நிபுணன் ஆகிவிட்டேன். பழைய ஒலிபெருக்கி ஒன்றைக் கழற்றி அதிலிருந்த காந்தத்தை எடுத்தேன். பாடசாலை விட்டதும் மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் போய், மணலுக்குள் அதை இழுப்பேன். கறுப்புத் துணிக்கைகள் மயிர்போல ஒட்டிக்கொண்டு வரும். அது கம்பனி தேடுகிற இல்மனைட்தானா, வெறும் இரும்புத் தூளா என்று பிரித்தறியும் அறிவு எனக்கு ஒரு துளியும் இல்லை. ஆனாலும் படம் எடுத்து அத்தானுக்கு அனுப்புவேன். அவர் பெருவிரலைக் காட்டிப் பதில் போடுவார். கரைவலை இழுப்பவர்கள், சேர் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து இரக்கப்பட்டார்கள். ஒருவர் கூடவே வந்து தேடவும் செய்தார்.

கனடாவில் காலை சந்தை திறக்கும்போது இங்கே மாலை ஏழு மணி. எங்கள் வீட்டில் செபமாலை சொல்லும் நேரம். முழந்தாளில் நின்றபடி ஒரு கையில் செபமாலையும் மறு கையில் தொலைபேசியுமாக இருப்பேன். விலை ஏறினால் என் 'அருள் நிறைந்த மரியே' வேகமாகும், இறங்கினால் குரல் கம்மும். அந்த மாதங்களில் நான் பக்தியில் மூழ்கிப்போனேன் என்று மாமியார் பெருமைப்பட்டார். பங்கு இரண்டு மடங்கானால் மடு மாதா கோயிலுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டேன். முருங்கன் தாண்டி எவ்வளவு தூரம் என்று யோசித்ததும், மடுச் சந்தியில் இருந்து மட்டும் நடப்பதாகத் திருத்திக்கொண்டேன்.

பிறகு கம்பனிக்காரர்கள் எங்கள் ஊருக்கே வந்தார்கள். பனங்காணிகளின் ஓரத்தில் ஒரு பிக்கப் வாகனம் நின்றது. இரண்டு பேர் குழாயைச் சுற்றிச் சுற்றி நிலத்துக்குள் இறக்கினார்கள். அது யாரிடமும் கேட்காமல் இறக்கிய குழாய். அந்தக் காணி என் மாமனாருடையது.

மாமா மீன்பிடிச் சங்கத் தலைவர். கடலில் நாற்பது வருடம் கத்திப் பழகிய குரல். அன்று மாலை எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். இந்தத் தீவில் நல்ல தண்ணீர் நிலத்தின் மேலாப்பில்தான் நிற்கிறது, அடியில் உப்பு. மணலை அள்ளினால் கிணறு உப்பாகும், கடல் உள்ளுக்கு வரும், பிறகு நாங்கள் எங்கே போவது என்றார். இதற்குக் காசு போட்டவன் எங்கேயோ குளிரில் இருப்பான், அவனுக்கு எங்கள் கிணறு தெரியாது என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஒரு வாய் கூடக் குடித்திருக்கவில்லை.

"தம்பி, உங்களுக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டார் மாமா.

ஓம் என்றேன். அதற்காக ஜெசி கொத்தமல்லி அவித்துத் தந்தாள். குடித்தேன்.

அன்றிலிருந்து மாமாவும் மாலையில் எங்கள் வீட்டுச் செபமாலைக்கு வந்து மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். கம்பனி போய்விட வேண்டும் என்று. ஒரே வீட்டுப் படத்துக்கு முன்னால், ஒரே நேரத்தில், எதிரெதிரான இரண்டு விண்ணப்பங்கள். மாதா என்ன செய்வார் என்ற கவலை வேறு எனக்குச் சேர்ந்துகொண்டது. நித்திரை போனது. விற்றுவிடுங்கள் என்று அத்தானிடம் கெஞ்சினேன். துளை போடுகிறார்கள் என்றால் விலை ஏறப்போகிறது, இப்போது விற்பவன் விசரன் என்றார். உண்மையில் விலை ஏறத்தான் செய்தது. மாமாவின் காணியில் துளை விழ விழ எங்கள் மேல்மாடி வளர்ந்தது. அந்த நேரம் ஒரு கணம் சந்தோசப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செபமாலையின் மூன்றாம் காரணிக்கம் சொல்லும்போது, கம்பனி தன் ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. மிக நல்ல முடிவுகள். அடுத்து எங்கெங்கே எத்தனை துளை என்பதும் அதில் இருந்தது. சனி முழுக்க அதைத் திரும்பத் திரும்பப் படித்துக் கிட்டத்தட்ட மனப்பாடமாக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஊர்க் கூட்டம். கம்பனியின் அலுவலர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஊரில் ஆர் இருக்கிறார்கள்? எங்கள் பங்குத்தந்தையான பாதர் என்னைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். அதற்குள் ஆரோ எனக்கு ஒலிவாங்கியைத் தந்துவிட்டார்கள்.

முதலில் நன்றாகத்தான் போனது. அலுவலர் ஒரு வசனம் சொல்வார், நான் ஒரு வசனம் சொல்வேன். அவர் நல்ல மனிதர், வேர்க்க வேர்க்கப் பொறுமையாகப் பதில் சொன்னார். பக்கத்து ஊரில் தென்னங்காணி வைத்திருக்கும் ஹனீபா நானா எழும்பி, கிணறு உப்பானால் ஆர் பொறுப்பு என்று கேட்டார். இது வெறும் ஆய்வு, சின்னத் துளைகள், பிறகு மூடிவிடுவோம் என்றார் அலுவலர். அதை அப்படியே சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். சபை முணுமுணுத்தது. சனம் பயப்படுகிறது என்றதும் எனக்கும் பயம் வந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ," என்றேன். "மூண்டு மீற்றருக்கு மேல போகமாட்டினம். வடக்குப் பக்கத் துளை முடிஞ்சுது. இனிக் கோயில் காணிக்குப் பின்னால மட்டுந்தான். வெள்ளிக்கிழமை வந்த முடிவும் நல்லாத்தான் இருக்கு."

அலுவலர் இவ்வளவு நீளமாகப் பேசவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் ஜெசி எழும்பினாள்.

"ஆருக்கு நல்லா இருக்கு?" என்று கேட்டாள்.

அலுவலர் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். நான் உளறிய ஆங்கிலத்தில் 'வெள்ளிக்கிழமை அறிக்கை', 'என் பங்கு' என்ற இரண்டும் அவருக்குப் புரிந்துவிட்டன. அவருடைய முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கியபடி, சபையைப் பார்த்து இரண்டு வசனம் சந்தோசமாகச் சொன்னார்.

"தம்பி," என்றார் மாமா முதல் வரிசையில் இருந்து. "அவர் என்ன சொல்லுறார்? சொல்லுங்கோ."

"எல்லாரும் வந்ததுக்கு நன்றியாம் மாமா," என்றேன்.

"அவர் அப்பிடிச் சொல்லேல்ல," என்றாள் ஜெசி. கச்சேரியில் ஆங்கிலக் கடிதங்களோடு வேலை செய்பவளைக் கட்டியவன் இப்படியான இடத்தில் தப்ப முடியாது. "ஒழுங்காச் சொல்லுங்கோ."

ஒலிவாங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. என் மூச்சே மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"உங்கட ஊர் ஆசிரியரே எங்கட கம்பனியில பங்கு வாங்கியிருக்கிறார். அவரே எங்களை நம்புறார் எண்டால், நீங்கள் ஏன் பயப்படுறியள் எண்டு கேக்கிறார்."

என் ஆசிரிய வாழ்வில் இவ்வளவு பிசகில்லாத மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை.

மாமா எழும்பவில்லை, ஏசவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு இருந்தார். எழும்பியவர் ஹனீபா நானாதான். பாதரைப் பார்த்து, மிகவும் மரியாதையான குரலில் சொன்னார்:

"பாதர், குறை நினையாதேங்கோ. இப்ப உங்கட ஊரில ரெண்டு பங்குத்தந்தை."

முதலில் பாதர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அலுவலர் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார். சிரிக்காதவர்கள் மூன்று பேர்: மாமா, ஜெசி, நான்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசி கூரைக் காசைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு. கிணற்றில் அள்ளிய தண்ணீரை ஒரு கோப்பையில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"குடிச்சுப் பாருங்கோ," என்றாள். "இது உப்பாப் போனா பிள்ளைக்கு என்னத்தில பால் கரைக்கிறது எண்டு ஒரு நாளாவது யோசிச்சனீங்களோ?"

யோசிக்கவில்லை. என்ன நடந்தாலும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் இருந்திருக்கிறேன். அந்தக் கோப்பையை முழுக்கக் குடித்தேன். அழுதேன் என்றும் சொல்கிறார்கள். (ஜெசிதான் சொல்கிறாள்.)

மறுநாள், கம்பனி அதுவரை வெளியிட்ட அறிக்கைகள் அத்தனையையும் அச்செடுத்துக்கொண்டு மீன்பிடிச் சங்கத்துக்குப் போனேன். என்னை உள்ளே விடுவார்களா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மாமா ஒரு கதிரையைக் காலால் தள்ளிவிட்டார். பேசவில்லை. ஆனால் தள்ளிவிட்டார். அடுத்த சில வாரங்கள், எந்தக் காணியில் எப்போது துளை, அனுமதி எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எனக்கு எல்லாம் மனப்பாடம் அல்லவா. கச்சேரிக்கு எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்று ஜெசி சொன்னாள். காணிக்காரர்கள் எல்லாரும், ஹனீபா நானா உட்பட, கையெழுத்து வைத்தார்கள். அத்தானைக் கொண்டு, பங்கு வைத்திருப்பவர் என்ற முறையில் கம்பனிக்கும் ஒரு முறைப்பாடு எழுத வைத்தேன். தன் காசுக்கு எதிராகத் தானே எழுதிய ஒரே ஆள் உலகத்தில் தான்தான் என்று அக்காவிடம் அவர் புலம்பினாராம்.

சில மாதங்களில் கம்பனி எங்கள் பக்கத்து வேலையை நிறுத்துவதாக அறிவித்தது. எங்கள் கடிதமா, உலகச் சந்தையில் மணலின் விலை விழுந்ததா, மாதா மாமாவின் பக்கம் சாய்ந்தாரா, எனக்குத் தெரியாது. ஊரில் வெடி கொளுத்தினார்கள். பங்கின் விலை பாதாளத்துக்குப் போன அதே மாலை, நானும் ஒரு சரவெடிக்கு நெருப்பு வைத்தேன். வைத்துவிட்டு வழக்கம்போல் ஓடினேன். மறுநாள் காலை மாமா ஏணியோடும் தகரத்தோடும் வந்து எங்கள் கூரையில் ஏறினார். "ஆணியைத் தாங்கோ தம்பி," என்றார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பேர் மட்டும் போகவில்லை. கலியாண வீடு, செத்த வீடு, எங்கே போனாலும் நான் 'பங்குத்தந்தை'தான். அப்போது பால் குடித்த எங்கள் மகள் கூட, இப்போது வீட்டுக்கு ஆரும் வந்தால் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறாள். இந்த வருடம் கோயிலுக்குப் புதிய பாதர் வந்தார். வரவேற்பில் மாமா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"பாதர், நீங்கள் இந்தப் பங்குக்குப் பொறுப்பு," என்றார். "என்ர மருமகன் மற்றப் பங்குக்கு."

சனம் சிரித்தது. கதையை மகள் ஆரம்பத்தில் இருந்து சொல்லி முடித்தாள். புதிய பாதர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கூட்டம் கலைந்ததும் என் தோளில் கை போட்டு, மெதுவாக ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"சேர்," என்றார் குரலைத் தாழ்த்தி, "என்ர தம்பி கனடாவில இருக்கிறான். ஏதோ லித்தியம் தேடுற சின்னக் கம்பனியாம். ஆரம்ப கட்டமாம். நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

நான் பதில் சொல்வதற்குள் ஜெசி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.