இன்னபிறர் வாசல்

நாசிபுரி ராஜ்யத்தில் மனிதர்கள் இரண்டே வகை. ஒரு தும்மலோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஒற்றையர். அடுத்ததையும் போட்டுவிடுபவர்கள் இரட்டையர். ஒற்றைத் தும்மல் அபசகுனம் என்பதால் ஒற்றையருக்குக் கொல்லை வாசல், இரட்டையருக்கு முன்வாசல். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுடுகாடு, எங்கும் இதே ஏற்பாடு. வாசலில் காவலர் மூக்குப்பொடி தூவுவார். தும்மிக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

முத்தழகியின் அம்மா ஒற்றை, அப்பா இரட்டை. அவளுக்கு ஒரு நாள் ஒன்று வரும், ஒரு நாள் இரண்டு வரும். சில நாள் இரண்டாவது பாதியிலேயே நின்றுவிடும். எப்படியோ சமாளித்து வந்தாள். பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சமாளிக்க முடியவில்லை.

முன்வாசலில் பொடி தூவினார்கள். ஒன்றுதான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லை வாசலுக்குச் சுற்றிப் போனாள். அங்கே இரண்டு வந்தது.

"ஏம்மா, வெளையாடுறியா?" என்றார் காவலர்.

"உசுரு போகுதுய்யா. மூக்க விட்டுட்டு வயித்தப் பாருங்க."

"வயித்துக்கெல்லாம் இங்க வாசல் கெடையாது."

தகவல் போய், வாசல் ஆணையர் மகுடபதி குடை பிடிக்க ஆளோடு வந்து சேர்ந்தார்.

"அம்மணி, இந்த அரசு யாரையும் வற்புறுத்தாது. இரண்டில் ஒன்றை நீயே தேர்ந்தெடு."

"முன்வாசல்."

"ஆசையப் பாரு!" என்று இரட்டையர் வரிசையில் ஒருத்தி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

"அடுத்தவர் இடத்தைப் பறிக்கும் எண்ணம். செல்லாது," என்றார் ஆணையர்.

"அப்போ கொல்லை வாசல்."

"எங்க சலுகையத் திங்க வந்துட்டாளா?" என்றது ஒற்றையர் வரிசை.

"தன்னைத் தாழ்த்திச் சலுகை பெறும் எண்ணம். அதுவும் செல்லாது."

முத்தழகி தரையில் உட்கார்ந்துவிட்டாள். செய்தி கேட்டு மன்னர் உருகிப்போனார். அரண்மனைத் தச்சர்கள் ஓடிவந்தார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்றாவதாக ஒரு வாசல் எழுந்தது. நல்ல தேக்கு. நிலையில் அன்னப்பறவை, மேலே 'இன்னபிறர்' என்று பித்தளை எழுத்து. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பொட்டலில் அது தனியாக நின்றது. அதற்குச் சுவர் இல்லை.

மகுடபதி ரிப்பன் வெட்டினார். "இது ஒரு பொன்னாள்!"

முத்தழகியின் கணவன் வேலப்பன் வாசலைச் சுற்றி வந்து பார்த்தான். "ஐயா, பின்னாடி ஆஸ்பத்திரி எங்க?"

"வாசல் முதல் கட்டம், தம்பி."

முத்தழகி அந்த வாசல் வழியாக, மேளதாளத்தோடு, பொட்டலுக்குள் போனாள். நெருஞ்சி முள்ளில் வேலப்பன் தன் வேட்டியை விரித்தான். அதன்மேல் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வரிசைப் பெண்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இடம் போய்விடும் என்று ஒருத்தியும் நகரவில்லை.

மகுடபதி பொடி டப்பாவோடு குனிந்தார். "குழந்தை தும்மட்டும், பிறப்பைப் பதிந்துவிடலாம்."

முத்தழகி டப்பாவைப் பிடுங்கி அவர் மூஞ்சியில் கொட்டினாள்.

ஆணையர் தும்மினார். இரண்டு வரிசையும் வாய்விட்டு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவதில் தலைப்பாகை விழுந்தது.

"ஐயாவுக்கு எந்த வாசலுங்க?" என்று யாரோ கேட்டார்கள். அவர் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை முரசு அறைந்தார்கள். அதிகாரிகளுக்கும் ஆள்வோருக்கும் வரும் தும்மல் இனி இருமலாகக் கொள்ளப்படும். தும்மிக் காட்டாத குழந்தை பிறக்காததாகக் கொள்ளப்படும்.

முத்தழகி மகள் எழினிக்கு இப்போது இருபது வயது. அந்த டப்பா அவளிடம்தான் இருக்கிறது. யார் முன்னாலும் தும்மிக் காட்ட மாட்டேன் என்கிறாள். அதனால் சட்டப்படி அவள் இன்னும் பிறக்கவில்லை; பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை. ஓட்டு மட்டும் உண்டு. பிறக்காதவர்களின் ஓட்டு செல்லும் என்று தனியாக ஓர் ஆணை இருக்கிறது.

தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் கும்பிட்டபடி அவள் வீட்டுக்கும் வருகிறார்கள். எழினி பொடி நிரப்பிய டப்பாவைத் திறந்து நீட்டுகிறாள்.

"ஒரே ஒரு தடவ தும்மிக் காட்டுங்கண்ணே. ஓட்டு ஒங்களுக்குத்தான்."

அண்ணன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, இருமிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள்.