உள்ளூர் என்றால் முன்னுரிமை

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, உங்கள் தங்கையின் கணவன் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம்; நான் மட்டும் சொந்த வீட்டிலேயே தலைமறைவாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? அக்காவை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.

என் மகள், உங்கள் மருமகள், ராணுவ உதவித்தொகைக்கு விண்ணப்பித்தது தெரியுமல்லவா? கல்லூரிப் படிப்பு முழுக்க அவர்கள் பொறுப்பு, முடித்ததும் அதிகாரியாகச் சேர வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறினாள், ஓட்டத்தில் பையன்களை முந்தினாள். பெற்றோர் நிரப்ப வேண்டிய ஒரே ஒரு தாள்தான் பாக்கி. 'தங்கள் பிள்ளையின் குணநலன்களைப் பத்து வரிகளில் எழுதுக.' இருபத்தாறு வருடமாகக் கல்யாணத் தரகு பார்க்கிறவனிடமா இதைக் கொடுப்பது? பேனாவை எடுத்தேன், கை தானாக ஓடிவிட்டது, எல்லாம் பழக்கதோஷம். 'அடக்கமான பெண். அதிர்ந்து பேச மாட்டாள். எதிர்த்துப் பேசத் தெரியாது. கேட்காமல் வாசற்படி தாண்ட மாட்டாள். கரப்பான்பூச்சி என்றால் பயம். உள்ளூர் என்றால் முன்னுரிமை.' அதோடு விட்டேனா, முழு உருவப் புகைப்படம் ஒன்றையும் சேர்த்துப் பின் அடித்தேன்.

நேர்காணலுக்கு என்னையும் கூப்பிட்டு ஓர் ஓரமாக உட்கார வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் எழுதியதை வரி விடாமல் சத்தமாகப் படித்தார். கரப்பான்பூச்சி வந்த இடத்தில் பக்கத்திலிருந்தவர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். "எதிர்த்துப் பேசத் தெரியாதாமே உனக்கு?" என்றார் அம்மையார். "எதிர்த்துப் பேசினதாலதான் மேடம் இங்க வரைக்கும் வந்திருக்கேன்" என்றாள் அவள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, எழுந்து நின்றுவிட்டேன். "மேடம், தங்கமான பொண்ணுங்க. ஒரு தடவ வீட்டுப் பக்கம் வந்து பாத்தீங்கன்னா உங்களுக்கே புடிச்சிடும்!" "நீங்க உக்காருங்க சார்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மானம் கப்பலேறிவிட்டது மச்சான்.

என் கால் முறிந்த அன்று மூன்று மாடி என்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கியவள் அவள். அதை ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே எனக்கு! நான்கு நாளாக என்னோடு பேச்சில்லை. தண்ணீர்ச் செம்பை என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் புரிகிறது. முடிவு அடுத்த வாரம். நீங்கள் இருபது வருடம் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர், உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பிருக்கும். தரகன் புத்தியில் தெரியாமல் எழுதிவிட்டான், பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவர்களுக்கு நாலு வரி எழுதிப் போட வேண்டும்.

நீங்களும் அக்காவும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முகம் காட்ட வெட்கப்படும் உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதை நம்ப வேண்டாம். தபாலில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். அங்கேயே நின்று படித்துவிட்டாள். "பழக்கதோஷமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். பழக்கதோஷம் இல்லை மச்சான். தெரிந்தேதான் எழுதினேன். நீங்கள் பட்டாளத்தில் இருந்த காலத்தில் தபால்காரர் மணியடித்தாலே உங்கள் தங்கையின் முகம் வெளுத்துப்போகும். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவனும் நான்தான். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்பா. அந்தத் தாளைக் கொண்டுபோய்க் குடுத்ததே நான்தானே. படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்" என்றாள்.

"கிழிச்சுப் போட்டிருக்கலாமேம்மா?"

"அத்தனை பேர் முன்னாடி படிச்சா, பொய்னு நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

நீங்கள் யாருக்கும் எழுத வேண்டாம். காலையில் நானே போய் வேறு தாள் கேட்கப் போகிறேன். முதல் வரி மூன்று மாடி.